ஆரவுக்கு விட்ட இடம்

குணசீலன் ஓடிபி சொல்லவில்லை. அவன் செய்த தப்பு அவ்வளவுதான். திருட்டு, புரட்டு, துரோகம் எதுவும் கிடையாது. ஆறே ஆறு எண்களை வாயைத் திறந்து சொல்லாமல் விட்டான். அதற்கு இந்தப் பாடு.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. இணைய மோசடித் தடுப்பு உதவி மையத்தில் அவனுக்கு வேலை. காலை ஒன்பதரைக்குக் காதில் மைக்கை மாட்டினால் சாயங்காலம் வரை ஒரே பல்லவி: "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். பெற்ற தாயாக இருந்தாலும் சொல்லாதீர்கள்." ஒரு நாளைக்கு எண்பது முறை. தூக்கத்திலும் இதையே உளறுகிறான் என்று கூடவே தங்கியிருக்கும் ஹபீப் சத்தியம் செய்வான். அப்படிப்பட்டவனிடம் போய் ஒரு செயலி ஓடிபி கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவானா?

செயலியின் பெயர் கும்மாளம். அதைக் கொண்டுவந்தவள் பெனிட்டா. தில்லை நகர் ஜப்பார் பாய் டீக்கடை பெஞ்சில் ஐந்து பேரும் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி முதல் வருஷத்திலிருந்து ஒட்டிக்கொண்ட கூட்டம் அது. குணசீலன், ஹபீப், நவநீதன் மூவரும் உறையூரில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. பெனிட்டாவும் தேன்மொழியும் அதே மாடியில் எதிர்வீடு. நவநீதனும் தேன்மொழியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்பது ஜப்பார் பாய்க்குக்கூடத் தெரியும்.

"நம்ம குரூப்ல இருக்குற சாட், வாய்ஸ் மெசேஜ், போட்டோ எல்லாத்தையும் இது படிக்கும்," என்றாள் பெனிட்டா. "படிச்சுட்டு, நம்மள வச்சே வாரா வாரம் ஒரு காமெடி சீரியல் பண்ணிக் குடுக்கும். நம்ம மூஞ்சி, நம்ம குரல். நாம நடிக்கவே வேணாம்."

"பல்லு வெளக்காம படுத்துக் கெடந்தாலும் நடிக்கும்ல?" என்றான் ஹபீப்.

"நடிக்கும். ஆனா ஆளாளுக்கு ஓடிபி வரும், சொல்லணும். சம்மதம்னு அர்த்தம்."

நான்கு பேரும் மளமளவென்று சொன்னார்கள். குணசீலன் டீயைக் கீழே வைத்தான். "நான் சொல்ல மாட்டேன்."

"டேய், இது பேங்க் இல்லடா. சீரியலு," என்றான் ஹபீப்.

"எல்லாத் திருட்டுப் பயலும் இப்படித்தான் ஆரம்பிப்பான்."

"எனக்காகக் கூடவா சொல்ல மாட்ட?" என்றாள் தேன்மொழி. அவள் கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை. போன மழைக்காலத்தில் டெங்கு வந்து அவளுக்கு பிளேட்லெட் இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கியபோது, ஓடிப்போய் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிப் படுத்தவன் அவன்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகராதவனும் அவன்தான்.

"தேனு, நாளைக்கு எவனாவது ஏமாந்துபோய் எனக்குப் போன் பண்ணுவான். அவன்கிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது?"

செயலி கொஞ்சம்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. 'குழுவில் ஒருவர் சம்மதிக்கவில்லை. அவருடைய தனியுரிமை முழுமையாக மதிக்கப்படும்' என்று திரையில் காட்டியது. குணசீலனுக்குப் பெருமையாகவே இருந்தது. உலகத்தில் ஓர் இயந்திரமாவது தன்னை மதிக்கிறதே என்று இன்னொரு டீ சொன்னான்.

முதல் எபிசோடை ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சுவரில் பெரிதாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். 'அஞ்சு பேர், ஒரே சாவி' என்று பெயர் போட்டது. அடடா, அந்த அநியாயத்தை என்னவென்று சொல்ல! ஒண்டிக்குடித்தனமாக இருந்த வீடு கல்யாண மண்டபம் அளவுக்கு விரிந்து கிடந்தது. யாரும் வேலைக்குப் போகவில்லை. ஜப்பார் பாய் கடையில் பெஞ்சுக்குப் பதிலாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு சோபா. ஹபீப் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் எங்கிருந்தோ கைதட்டல். அவன் 'பசிக்குதுடா' என்றால் நூறு பேர் சிரிக்கும் சத்தம். நிஜ ஹபீப் வாயில் வைத்த முறுக்கோடு உறைந்துபோனான். "நான் இவ்வளவு தமாஷான ஆளா?"

பிறகு ஐந்தாவது ஆள் வந்தான்.

சுருட்டை முடி. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. திருச்சி வெயிலில் நடந்து வந்தும் ஒரு சொட்டு வியர்வை இல்லை. பெயர் ஆரவ். ஹபீப் திருட்டுத்தனமாக வளர்த்த நாய்க்குட்டி உள்ளே குரைக்க, வெளியே வீட்டுக்காரர் நிற்க, "எனக்குத்தான் சார் இருமல்" என்று அரைமணி நேரம் குரைத்து இருமிச் சமாளித்தான் ஆரவ். அது குணசீலன் நிஜமாகவே செய்தது. அதற்கப்புறம் இரண்டு நாள் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"டேய் சீலா! நீ செஞ்சத அவன் செய்யிறான்டா!" என்று கத்தினான் நவநீதன்.

"உன்னவிட நல்லா குரைக்கிறான்," என்றான் ஹபீப்.

"மூஞ்சியும் தேவலாம்," என்றாள் பெனிட்டா. எல்லோரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். குணசீலனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது, ஓடிபி தரமாட்டேன் என்றவன் அவன்தானே.

வாரங்கள் ஓடின. எட்டாவது எபிசோடில் டெங்கு வந்தது. ஆரவ் கையை நீட்டிப் படுத்தான். வராந்தாவில் மூன்று நாள் கிடந்தான். தேன்மொழியின் அம்மா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "நீ நல்லா இருப்பப்பா" என்று அழுதார். பார்த்துக்கொண்டிருந்த நால்வரும் அழுதார்கள். நவநீதன் தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டான். குணசீலன் திரையைக் காட்டி, "டேய், அது நான்தானே," என்று மெதுவாகச் சொன்னான்.

"ஷ்ஷ்," என்றாள் பெனிட்டா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

அந்த எபிசோடுதான் ஊரைப் பிடித்தது. கும்மாளம் ஆயிரம் கூட்டங்களுக்கு ஆயிரம் சீரியல் பண்ணிக் கொடுத்திருந்தும், இந்த ஐவர் கதையை ஒரு தொலைக்காட்சி எடுத்து ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போட ஆரம்பித்தது. அதோடு குடி மூழ்கியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஹபீபை நிறுத்தி செல்ஃபி எடுத்தார்கள். ஜப்பார் பாய் பெஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு நிஜமாகவே ஆரஞ்சு சோபா வாங்கினார். அதில் நால்வரும் உட்கார்ந்து ஐந்தாவது இடத்தைக் காலியாக விடுவார்கள். குணசீலன் உட்காரப் போனால், "தம்பி, அது ஆரவ் எடம். வர்றவங்க போட்டோ எடுப்பாங்க, கொஞ்சம் ஸ்டூல்ல ஒக்காருங்க" என்பார் பாய். ஹபீபுக்கு இன்னொரு வியாதி தொற்றியது. எதைச் சொன்னாலும், சிரிப்புச் சத்தத்துக்காக இரண்டு நொடி இடைவெளி விட்டுத்தான் அடுத்ததைச் சொன்னான்.

இதையெல்லாம்கூட குணசீலன் பொறுத்துக்கொண்டான். ஒரு நாள் பெனிட்டா சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"தேனு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ ஆரவ் மூணு நாளும் வீட்டுக்கே வரலல்ல?" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள்.

"பெனி, அது நான்டி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேருந்தில் பார்த்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று தேடுகிற பார்வை. "ஆமா, ஆமா," என்றாள். "நீயும் வந்திருந்த."

நீயும்! ஏழு வருஷச் சிநேகம் இவர்கள் தலையிலிருந்து கரைந்து போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் தான் யாரென்றே கேட்பார்கள் என்று அப்போதுதான் குணசீலனுக்கு உறைத்தது. மறுநாள் மதிய இடைவேளையில் கும்மாளம் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டான்.

"வணக்கம், கும்மாளம், கஸ்தூரி பேசறேன். சார், உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே. நீங்க ஓடிபி சொல்லாதீங்கன்னு சொல்றவர்தானே? எங்க மாமியார் உங்க பேச்சத்தான் கேப்பாங்க."

குணசீலன் விஷயத்தைக் கொட்டினான். கஸ்தூரி பொறுமையாகக் கேட்டாள். தொழில் அப்படி.

"சார், உங்க மூஞ்சி, பேரு, குரல் எதையும் நாங்க தொடல. தொட்டிருந்தா சொல்லுங்க, தண்டனை வாங்கிக் குடுக்கறேன். ஆனா குரூப்ல நீங்க போட்ட மெசேஜ் எல்லாம் மத்தவங்க போன்லயும் இருக்குல்ல? அவங்க சம்மதிச்சுட்டாங்க. அதனால நீங்க பண்ணின காரியம் இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க. உங்க தனியுரிமைய நூறு சதவீதம் காப்பாத்தியிருக்கோம் சார்."

"அது சரிங்க. என் கூட்டாளிங்களுக்கு என்னயே மறந்துபோச்சே!"

"அது நாங்க பண்றதில்ல சார், அதுவா ஆகுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ண ஒரு தடவ பாத்தா அது கதை. தெரிஞ்ச மூஞ்சிகளோட பத்து தடவ பாத்தா அது ஞாபகம். மனுஷ மூளை அப்படி. விதிமுறையில நாப்பத்தோராவது பக்கத்துல போட்டிருக்கோம், யாரும் படிக்கிறதில்ல. என் கல்யாணத்துல தாலி கட்டினது யாருன்னு நானே ஆல்பத்தப் பாத்துத்தான் சொல்லுவேன் சார். எங்க குடும்பத்துக்கும் ஒரு சீரியல் போட்டுட்டாங்க."

"அவன அழிச்சிருங்க. அந்த ஆரவ அழிச்சிருங்க மேடம்."

"அழிக்கலாம் சார். அஞ்சு உறுப்பினரும் ஓடிபி சொல்லணும்."

"நாலு பேர்கிட்ட நான் வாங்கித் தர்றேன்."

"அஞ்சு சார். ஆரவும் உறுப்பினர்தானே. ஒரு நிமிஷம் இருங்க, அவருக்கு அனுப்பிப் பாக்கறேன்." விசைகள் தட்டும் சத்தம். பெருமூச்சு. "தர மாட்டேங்கிறார் சார்."

"ஏனாம்?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். பெத்த தாயா இருந்தாலும் சொல்லக் கூடாதாம்." அவளுக்கே பாவமாக இருந்தது. "உங்க மெசேஜ்லேருந்துதான் சார் அவர் குணத்த எடுத்திருக்கு. ரொம்ப பிடிவாதக்காரர்."

குணசீலன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். யாரைத் திட்டுவது? அவன் தப்பாகவா சொல்லிக் கொடுத்திருக்கிறான்?

"என்னயாவது சேத்துக்க முடியுமா?" என்றான் கடைசியில்.

"அஞ்சு எடமும் நெறஞ்சிருச்சு சார். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் காலியா இருக்கு. கதவத் தட்டி 'சத்தத்தக் கொறைங்க'ன்னு சொல்லணும். நல்ல சிரிப்பு விழும். ஆனா சம்மதத்துக்கு ஓடிபி..."

எண்பது பேருக்குச் சொல்லாதே என்று சொல்லும் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து மேசைக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

முதல் ஞாயிறு சீரியலில் அவன் கதவைத் தட்டியபோது நால்வரும் விசிலடித்தார்கள். "சீலா வந்துட்டான்டா!" என்று அவனைத் தூக்கிச் சுற்றினான் நவநீதன். குணசீலனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான்கு வாரம் அந்தச் சந்தோஷம் நீடித்தது.

ஐந்தாவது வாரம் வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் தட்டினான். ஹபீப் திறந்தான். அவனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "ஸாரிங்க, கொறைச்சுக்கறோம்," என்றான்.

"என்னத்தடா?"

"சத்தத்த." இரண்டு நொடி இடைவெளி விட்டான். யாரும் சிரிக்காததால் அவனுக்கே குழப்பமாக இருந்தது. பிறகு நினைவு வந்தவன்போல வழிவிட்டு, "வாடா, ஒன் வீடுதானே," என்றான். அந்த 'தானே'வில் ஒரு சந்தேகம் இருந்தது. குணசீலன் செருப்பைக் கழற்றிவிட்டு, யார் வீட்டுக்கோ வந்தவனைப்போல ஓரமாக உள்ளே போனான். அது தன் வீடுதான் என்பதற்கு வாடகை ஒப்பந்தத்தைத் தேடியெடுத்து ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டான்.

வைகாசியில் நவநீதனுக்கும் தேன்மொழிக்கும் கல்யாணம். உறையூர் மண்டப வாசலில் நண்பர்கள் வைத்த ஃபிளெக்ஸ் முப்பதடிக்கு நின்றது. 'மச்சான் மாட்டிக்கிட்டான்' என்று கொட்டை எழுத்து. கீழே, கறுப்புக் கண்ணாடியும் கட்டிய கையுமாக 'இவண்: அஞ்சு பேர்'. மாப்பிள்ளை, பெண், ஹபீப், பெனிட்டா. நடுவில் மற்ற நால்வரையும்விடப் பெரிதாக ஆரவ். குணசீலன் ஓர் ஓரமாக நின்று கீழிருந்து மேல்வரை இரண்டு தடவை பார்த்தான். தன் தலை எங்காவது ஸ்டாம்பு அளவிலாவது இருக்குமா என்று தேடினான். அச்சகத்துக்காரன் விளம்பரம்தான் இருந்தது.

"ஏன்டா ஹபீப், என் போட்டோ?"

ஹபீப் தவித்துப்போனான். கெட்டவன் இல்லை அவன். "தப்பா எடுத்துக்காதீங்க... எடுத்துக்காதடா. அஞ்சு பேருன்னுதானே ஊருக்கே தெரியும். ஆறாவதா ஒரு தல இருந்தா, இது யாருன்னு கேப்பாங்கல்ல?"

உள்ளே போனால் சந்தனக் கிண்ணத்தோடு தேன்மொழியின் அம்மா மீனலோசனி. அவரைப் பார்த்ததும் குணசீலனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த மூன்று நாளும் வராந்தாவில் தூக்குச்சட்டியைத் திறந்து, தான் சாப்பிடாமல் இவனுக்கு இட்லி ஊட்டாத குறையாகக் கொடுத்தவர் அவர். இவரா மறப்பார்?

"வாங்க தம்பி, வாங்க. பக்கத்து வீட்டுத் தம்பிதானே? சத்தம் ஜாஸ்தியா இருக்கா? மேளத்த கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லட்டுமா?" என்றார் கரிசனமாக. பிறகு அவன் தோளுக்கு மேல் வாசலைப் பார்த்தார். "அந்த ஆரவ் தம்பி வரலையா? எம் மகளுக்கு ரத்தம் குடுத்த புள்ள. அத என் கையால ஒரு வா சாப்புட வைக்கணும்னு காலையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

குணசீலன் என்ன சொல்வான்? வருவான்மா என்றான். சந்தனம் பூசிக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான். எழுந்து போய்விடலாம் என்றால் கால் வரவில்லை, இருக்கலாம் என்றால் மனம் வரவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் புகைப்படக்காரர் மேடையிலிருந்து கூவினார். "ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வாங்க!" குணசீலன் தன்னையறியாமல் எழுந்து ஓடினான். ஏழு வருஷப் பழக்கம். நவநீதனுக்கும் ஹபீபுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது, அதில் போய் நின்றான்.

"அண்ணே, அந்த எடம் காலியா இருக்கட்டும்ணே," என்றார் புகைப்படக்காரர். "ஆரவ் சார அப்புறம் சேத்துக்குவோம். நீங்க கீழ எறங்கி நின்னீங்கன்னா நல்லாருக்கும்."

குணசீலன் நவநீதனைப் பார்த்தான். நவநீதன் தர்மசங்கடத்தோடு புன்னகைத்தான். விருந்தாளியிடம் புன்னகைப்பதுபோல. குணசீலன் இறங்கினான். மேலே நவநீதன் கையைத் தூக்கி, இல்லாத தோளின்மேல் வாட்டமாகப் போட்டுக்கொண்டான். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்தவனின் தோள் உயரத்தில் அந்தக் கை அந்தரத்தில் நின்றது. கொஞ்சம்கூட ஆடவில்லை. மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

சாப்பாட்டுப் பந்திக்குக் கூட்டம் கிளம்பியபோது அவன் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தான். மணமகள் அறைக் கதவு திறந்தது.

"சீலா, நில்லுடா."

தேன்மொழி. மாலையைக் கழற்றியிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியும்டா," என்றாள். "எனக்கு ரத்தம் குடுத்தது நீதான்."

இத்தனை மாதத்தில் ஒருவர் வாயிலிருந்து இது வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரி சீட்டு எங்கிட்ட இருக்கு. குணசீலன், ஆண், இருபத்துநாலு வயசுன்னு எழுதியிருக்கு. பீரோவுல பொடவைக்கு அடியில வச்சிருக்கேன். அப்பப்ப எடுத்துப் படிப்பேன். படிக்கிறப்போ நீதான்னு தெரியுது. மடிச்சு உள்ள வச்சதும் அவன் மூஞ்சிதான்டா வருது. எவ்வளவு முட்டிப் பாத்தாலும் அவன்தான் வர்றான். நான் என்னடா பண்ணட்டும்?" அவள் தேம்பினாள்.

"ஏய், அழாதடி. மையெல்லாம் கலையுது பாரு." அவனுக்குத் தன் துக்கமே மறந்துபோயிற்று. "நீ மறந்தா என்ன, நான் மறக்கலல்ல? எனக்கு அப்படியே கண்ணு முன்னாடி நிக்கிது. நர்ஸம்மா வந்து, எந்தக் கையில குத்தட்டும்னாங்க. எந்தக் கை சம்பளம் இல்லாம சும்மா இருக்கோ அதுல குத்துங்கன்னேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல ஊசியே கீழ விழுந்துருச்சு!"

சொல்லிவிட்டு இரண்டு நொடி நிறுத்தினான். தேன்மொழி சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது.

"சீலா, அது ஆரவ் சொன்னதுடா," என்றாள் மெதுவாக. "எட்டாவது எபிசோடு."

குணசீலன் யோசித்தான். அப்படியானால் தான் என்ன சொன்னான்? கேட்டது நர்ஸம்மாவா, யாராவது ஆம்பளையா? இடது கையா, வலது கையா? சட்டைக் கையைச் சுருட்டி இரண்டு முழங்கைகளின் உள்பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அந்தக் கட்டிலைத் தேடினான். கட்டில் வந்தது. வெள்ளைத் தலையணை வந்தது. தலையணையில் சுருட்டை முடி.

உள்ளே பந்தியில் உட்காரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். தேன்மொழி போகத் திரும்பினாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"தேனு, அந்தச் சீட்ட எனக்கு ஒரு நாள் குடு," என்றான். "நானும் படிச்சுட்டுத் தர்றேன்."